மூன்று முறை அழைக்கப்பட்டார்

14.08.2016 – ஒலிபெருக்கி, இரண்டு பெட்டி – $418.00
20.08.2017 – பிரெய்ல் அச்சு, 26 பக்கம் – $93.60
19.08.2018 – சக்கர நாற்காலி, ஒரு நாள் வாடகை – $35.00
18.08.2019 – நாட்டிய ஆசிரியை, டாக்சி உட்பட – $120.00
21.08.2022 – மீசை – $12.00
20.08.2023 – வெள்ளைக் கையுறை, 12 ஜோடி – $21.60
மொத்தம் – $700.20
சைகைமொழி உரைபெயர்ப்பாளர் – $0.00

சிங்கப்பூரின் தேக்காவில் எங்கள் வளாகத்தின் கடைக்காரர் சங்கம், கடை எண் 38-ஐ நடத்தும் ஃபஸீலாவுக்கு உதவுவதற்காகச் செய்த செலவுகள் இவை. அவர் கேட்டது கடைசி வரியில் இருப்பதை மட்டுமே.

நான் அந்தச் சங்கத்தின் கௌரவச் செயலாளர். 1993 முதல் கூட்டக் குறிப்பேட்டைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வருகிறேன். கீழே வரும் தேதிகளும் எண்ணிக்கைகளும் அதிலிருந்து எடுத்தவை.

ஃபஸீலா பிறந்தது 1979 மார்ச் 3. தந்தை நாகூர்க்காரர், பழைய தேக்காச் சந்தையில் மசாலா அரைத்து விற்றவர். பதினான்காவது மாதத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு குழந்தைக்குக் காது கேட்கவில்லை. காது கேளாதோர் பள்ளியில் படித்தார். அங்கே கிடைத்தவை இரண்டு மொழிகள்: எழுதவும் படிக்கவும் ஆங்கிலம், பேச சிங்கப்பூர் சைகைமொழி. பதினோரு ஆண்டுகள் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கணவர் அதீஃப், பேருந்துகளுக்குச் சாயம் அடிப்பவர். அவருக்கும் காது கேளாது. மகள் நஃபீசாவுக்குக் கேட்கும். அது உறுதியானது பிறந்த நாற்பதாம் நாளில். உறவினர் மூவர் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டைத் தொட்டிலுக்குப் பின்னால் போட்டார்கள். குழந்தை வீறிட்டது, வீடே கொண்டாடியது. தூங்கும் பிள்ளையை ஏன் பயமுறுத்தினீர்கள் என்று அதீஃப் கையால் கேட்டது யாருக்கும் புரியவில்லை.

2014 நவம்பரில் ஃபஸீலா எங்கள் வளாகத்தின் மேல்மாடியில் கடை திறந்தார். வளையல், சடைநாகம், மருதாணி. கல்லாவுக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி இருக்கும். பின்னால் யார் வந்தாலும் அதில் தெரியும். வாசலில் ஒரு பொத்தான். அழுத்தினால் உள்ளே விளக்கு மினுக்கும். வாடிக்கையாளர்கள் பொத்தானை அழுத்திவிட்டு, "அக்கா! அக்காவ்!" என்று கத்தவும் செய்வார்கள்.

அவரைப் பற்றி வளாகத்தில் இரண்டு கருத்துகள் நிலவின. இரண்டையும் ஒரே ஆட்கள்தான் வைத்திருந்தார்கள். முதலாவது, அவருக்கு எதுவும் விளங்காது. "பத்து வெள்ளி" என்ற விலையைப் பத்து விரலையும் விரித்து, மூக்குக்கு நேரே நீட்டி, மூன்று தடவை காட்டுவார்கள். இரண்டாவது, அவர் ஐம்பது மீட்டர் தூரத்திலிருந்தே உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்வார். கீழ்மாடி நகைக்கடைப் பங்காளிகள் இருவரும் அந்தப் பக்கம் போகும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசுவார்கள். பல்வலி என்று அவர் நினைத்திருந்தாராம். உதட்டைப் பார்த்தால் ஆங்கிலத்தில் மூன்றில் ஒரு சொல் தனக்குப் பிடிபடும், தமிழில் ஒன்றுமே பிடிபடாது என்று பின்னாளில் எழுதிக் காட்டினார்.

இனி சீட்டு விஷயம். தீபாவளிக்கு முன்னால் வளாகத்தின் பின்புறக் கார் நிறுத்துமிடத்தில் சந்தை போடுவோம். நாற்பத்தொரு கடைகளுக்கு நாற்பத்தொரு ஸ்டால். முதல் எண்கள் சாலையைப் பார்த்தவை. 41 குப்பைத் தொட்டிகளை ஒட்டியது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி மண்டபத்தில் கூட்டம் போட்டு, முதலில் சண்டை, பிறகு சீட்டு. சீட்டை எடுப்பது செயலாளர். பெயரை அழைப்பது தலைவர். மூன்று முறை அழைப்பார். அதற்குள் கை தூக்கினால் வரிசைப்படி அடுத்த ஸ்டால். தூக்காவிட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். 2011-இல் ஒருவர் ஊரிலேயே இல்லாத மச்சானுக்காகக் கை தூக்கிவிட்டார். அதனால் விதி 9(ஆ) வந்தது: அழைக்கப்படுவதைப் பக்கத்திலிருப்பவர் எவரும் தொட்டோ தட்டியோ தெரிவிக்கக் கூடாது. அந்த விதியை எழுதியவன் நான்.

2015-இல் ஃபஸீலா சந்தைக்குப் பெயர் கொடுத்தார். தலைவர் வடிவேலு, கீழ்மாடியில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர், மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்து, தலையைச் சீட்டின் மேல் கவிழ்த்து அழைப்பார். "முப்பத்தெட்டு, ஃபஸீலா! ஒரு தரம்!" ஃபஸீலா நின்றுகொண்டு எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெண்டு தரம். மூணு தரம். நான் எழுதினேன்: மூன்று முறை அழைக்கப்பட்டார்; பதில் இல்லை. ஸ்டால் 41. மருதாணி போட வந்த பெண்கள் ஒரு கையை நீட்டி, மறு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டு முதல் வாரத்தில் அவருடைய முதல் கடிதம் வந்தது. ஒரே கோரிக்கை: சைகைமொழி உரைபெயர்ப்பாளர் ஒருவர், இரண்டு மணி நேரம். குழுவில் வாசித்தேன். எல்லாரும் மனம் இளகிப் போனார்கள். இளகிப்போய் இரண்டு ஒலிபெருக்கி வாங்கினார்கள்.

ஒரு பெட்டியை அவருடைய நாற்காலிக்கு ஓர் அடி தள்ளி வைத்தோம். அது அதிர்வதைப் பார்த்து அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். "கேக்குது பாருங்க, கேக்குது!" என்று பொருளாளர் இப்ராஹீம் எழுந்து நின்றே கை தட்டினார். பதில் இல்லை, ஸ்டால் 41. இரண்டாவது வரிசையில் இருந்த நகைக்கடைப் பங்காளி ஒருவருக்கு மூன்று நாள் காதில் ரீங்காரம்.

2017-இல் பிரெய்ல். யோசனை இப்ராஹீமுடையது, அவருடைய துணிக்கடை வாடிக்கையாளர் யாரோ சொன்னாராம். ஃபஸீலா இருபத்தாறு பக்கத்தையும் மரியாதையாகத் தடவிப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதி நீட்டினார். அவர் எழுதுவது ஆங்கிலம். இங்கே தமிழ் என்னுடையது. "அழகாக இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது. என் கண் நன்றாகத் தெரிகிறது." குறிப்பேட்டில் உள்ளது: உறுப்பினர் தம் பார்வை நன்று எனத் தெரிவித்தார், குழு மகிழ்ச்சி தெரிவித்தது. மறு ஆண்டு சக்கர நாற்காலி வந்தது. இரண்டு மாடி நடந்து ஏறி வந்தவர் அதில் உட்கார மறுத்தார். "வாடகை கொடுத்தாச்சுலா, சும்மாவா கெடக்கணும்?" என்று வடிவேலு தானே உட்கார்ந்து, அதிலிருந்தபடியே சீட்டு நடத்தினார். முடிந்ததும் எழுந்திருக்க மனமில்லை அவருக்கு.

2019 கூட்டத்துக்குத்தான் அதிகம் யோசித்தோம்.

"இவ்வளவு காலமா நாம ஏன் வெளியில தேடுறோம்?" என்றார் வடிவேலு. "நம்ம பரதநாட்டியத்துலயே எல்லாத்துக்கும் முத்திரை இருக்கு. ரெண்டாயிரம் வருஷமா இருக்கு!"

"அண்ணே, அது தமிழ்லயா கை காட்டும், இங்கிலீஷ்லயா?" என்று கேட்டார் இப்ராஹீம்.

"கைக்கு ஏது பாய் பாஷை? உலகத்துக்கே ஒண்ணுதான்."

புக்கிட் பாஞ்சாங்கில் நடனப் பள்ளி வைத்திருக்கும் லீலா டீச்சரை அழைத்தோம். அவர் வாசலிலேயே தயங்கினார். "சார், நான் ஆடுறது வேற, அவங்க பேசுறது வேற. எனக்கு அது தெரியாதுங்க."

"அடக்கமாப் பேசுறாங்க," என்று வடிவேலு எங்களிடம் சொன்னார்.

டீச்சர் கூட்டம் முழுவதும் ஆடினார். சேவைக் கட்டண உயர்வுக்குத் தாமரை மலர்ந்தது. தீயணைப்புக் குழாய் முன்னால் பெட்டி அடுக்கக் கூடாது என்பதற்கு உள்ளங்கையில் நெருப்பை ஏந்திச் சிவபெருமானாக நின்றார். இருபத்து மூன்றாம் எண் கடையின் ஒழுகும் குளிர்சாதனப் பெட்டிக்கு மழை பெய்தது, மயில் வந்தது. உறுப்பினர்கள் இரண்டு முறை கை தட்டினார்கள். ஃபஸீலா கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார்.

"ஒரு பெண் குளக்கரையில் யாருக்கோ காத்திருக்கிறாள். மான் ஒன்று அவளைப் பார்க்கிறது. மழை வருகிறது. அவன் வரவில்லை. மிக நன்றாக இருந்தது. ஸ்டால் என்ன ஆயிற்று?"

41 ஆயிற்று. லீலா டீச்சர் அன்று மாலையே அவர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, பன்னிரண்டு சடைநாகம் வாங்கினார்.

2020, 2021-இல் நோய்த்தொற்றால் சந்தை இல்லை. 2022-இல் உதட்டைப் பார்த்துப் படிக்கும் திறமை மறுபடி பேச்சுக்கு வந்தது. அவருக்கு ஐம்பது மீட்டர் தெரிகிறது, ஆனால் ஐந்து மீட்டரில் நிற்கும் தலைவரின் வாய் தெரியவில்லை. ஆகவே குற்றம் மீசையுடையது என்று முடிவாயிற்று. எட்டுக்கு மூன்று வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. முடிதிருத்தகத்திலிருந்து வடிவேலு வெளியே வந்தபோது அவருடைய மனைவியே ஒரு நொடி தயங்கினார். முப்பத்தாறு ஆண்டு மீசை அது. கூட்டத்தில் அவர் வாயை அகலத் திறந்து தமிழில், "ஃபா-ஸீ-லா!" என்றார், மைக்கை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டே. 2023-இல் குழுவினர் பன்னிரண்டு பேரும் வெள்ளைக் கையுறை மாட்டி, தோன்றியபடி கை அசைத்தார்கள். ஜன்னலுக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தின் எதிர்ச்சுவரோரம் வந்த லாரி ஒன்று அதைப் பார்த்து நின்று, திரும்பிப் போய்விட்டது.

எல்லா ஆண்டும் அதே கடிதம் வந்தது. ஒருமுறை நான் அவரிடம் எழுதிக் கேட்டேன்: பெயரை அட்டையில் எழுதிக் காட்டினால் போதாதா?

அவர் எழுதினார்: "பெயர் தெரியும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சண்டை போடுகிறீர்களே, அது தெரியாது. எனக்குச் சண்டையும் வேண்டும். குப்பைத் தொட்டி பற்றி நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது."

2024 ஜனவரியில் விதி 17-இன்படி குறிப்பேட்டின் நகல்களைக் கேட்டார். ஜனவரி 20, சனிக்கிழமை, நானே எல்ஆர்டி ரயிலில் சுவா சூ காங் போய் அவருடைய வீட்டில் கொடுத்தேன். காது கேளாதவர்கள் வீடு அமைதியாக இருக்கும் என்று எண்ணி, தாழ்ந்த குரலில் பேசத் தயாராகப் போயிருந்தேன். நான் போன வீடுகளிலேயே சத்தமான வீடு அது. அதீஃப் சமையலறையில் அலமாரிக் கதவுகளை அறைந்து சாத்திக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் கூப்பிடத் தரையை ஓங்கி உதைத்தார்கள். தொலைக்காட்சி உச்ச ஒலியில் ஓடியது. ரிமோட்டின் மேல் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நஃபீசா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கதவருகே, கீழ்வீட்டுக்காரர் ஒட்டிய தாள் ஒன்று சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது: தயவுசெய்து சத்தத்தைக் குறைக்கவும்.

"நாங்கள் அமைதி உலகில் வாழ்வதாக உங்கள் தலைவர் மேடையில் சொன்னாராமே," என்று ஃபஸீலா எழுதினார். "இதைப் படம் எடுத்துப் போய் அவரிடம் காட்டுங்கள்."

பிறகு நகல்களை விரித்தார். 2015 முதல் ஏழு பக்கங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே வரியில் விரலை வைத்தார்.

"நீங்கள் அங்கே இருந்தீர்களா?"

இருந்தேன் என்று எழுதினேன்.

"நான்?"

இருந்தீர்கள்.

"எங்கே?"

மூன்றாவது வரிசை, இடப்பக்கம். நின்றுகொண்டிருந்தீர்கள். ஏழு ஆண்டும்.

"அதை ஏன் எழுதவில்லை?"

விதியில் கேட்கப்படவில்லை என்று எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு நோட்டை மூடினார். தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

2024 ஆகஸ்டு 18. கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பு வடிவேலுவுக்குத் தொண்டை கட்டி, குரல் அடியோடு போய்விட்டது. மருத்துவர் ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார். வடிவேலு மேடையில் உட்கார்ந்து ஏதோ கை காட்டினார், யாருக்கும் புரியவில்லை. ஒருவர் விசிறி கொண்டுவந்தார், இன்னொருவர் நாற்காலியை நகர்த்தினார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் எல்லாரும் அவரிடம் கத்திப் பேசினார்கள். இப்ராஹீம் பத்து விரலை விரித்துக் காட்டினார், எதற்கென்று தெரியவில்லை. கடைசியில் தலைவர் தாளில் எழுதினார்: சுடுதண்ணி.

விதி 8(இ): தலைவரால் அழைக்க இயலாவிட்டால், அழைப்பவரை உறுப்பினர்களிலிருந்து சீட்டால் தேர்வு செய்ய வேண்டும். எடுத்தேன். வந்த எண் 38.

"அது எப்படிலா கூப்பிடும்?" என்றார் இப்ராஹீம். "வேற சீட்டு எடுங்க செக்ரட்டரி ஐயா."

"வந்த சீட்டைத் திரும்பப் போட விதி இல்லை," என்றேன்.

ஃபஸீலா மேடைக்கு வந்தார். வெள்ளைத் தாள்களும் தடித்த பேனாவும் கேட்டார். நான் சீட்டை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, பெயரைப் பெரிதாக எழுதினார். பிறகு மண்டபத்தின் விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டு, தாளை இரு கையாலும் தூக்கிப் பிடித்தார். பத்து விநாடி. மறுபடி விளக்கு, பத்து விநாடி. மறுபடி. கைக்கடிகாரத்தில் நான் சரிபார்த்தேன்; ஒரு விநாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் யாரும் மேடையைப் பார்ப்பதில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பேசுவார்கள், கோப்பி எடுக்கப் போவார்கள், போனைப் பார்ப்பார்கள். காது மட்டும் மேடையில் இருக்கும். விளக்கு விட்டு விட்டு எரிவதைக் கண்டு, "கரண்டுல ஏதோ கோளாறு," என்று நகைக்கடைப் பங்காளிகள் பேசிக்கொண்டிருந்தபோது இருவருடைய கடைப் பெயரும் போய்விட்டது. இப்ராஹீம் முதுகைக் காட்டி நின்று, இந்த முறை சீட்டு நடக்கவே நடக்காது என்று பின்வரிசைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய பெயர் மூன்று முறை உயர்ந்து இறங்கியது. பார்த்தவர்கள் தவித்தார்கள், ஆனால் 9(ஆ) இருந்ததே. வடிவேலு கண்ணை மூடிச் சுடுதண்ணீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தபோது மூன்றாவது தரம் முடிந்திருந்தது. எழுந்து, மேசையைத் தட்டி, வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

பதினொரு பேர். ஒவ்வொருவருக்கும் எழுதினேன்: மூன்று முறை அழைக்கப்பட்டார், பதில் இல்லை. ஃபஸீலாவின் சீட்டு நான்காவதாக வந்திருந்தது. தன் பெயரைத் தூக்கிப் பிடித்து, மறு கையையும் தூக்கினார். ஸ்டால் 4, சாலையைப் பார்த்தது.

"இது அநியாயம்லா!" என்று கத்தினார் இப்ராஹீம். "நான் இங்கதான் நிக்கிறேன்! எல்லாரும் பாத்தீங்களா இல்லையா? முதுகுக்குப் பின்னால காட்டினா மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

நான் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். 2015, 2016, 2017, 2018, 2019, 2022, 2023. அந்த ஒரு வரியை ஏழு தேதிகளோடும் உரக்க வாசித்தேன். அதில் இல்லாத ஒன்றையும் ஏழு முறை சேர்த்துச் சொன்னேன்: உறுப்பினர் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இப்ராஹீம் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நடந்தது ஆறு நிமிடத்தில் முடிந்தது. அவர் காட்டுவது நமக்குப் புரியாததால் நமக்கு ஓர் உரைபெயர்ப்பாளர் அவசரமாகத் தேவை என்று ஒருவர் முன்மொழிய, நாற்பது கைகள் உயர்ந்தன. செலவுத் தலைப்பு: குழு உறுப்பினர்களின் வசதிக்காக. சீட்டை மறுபடி எடுக்க ஃபஸீலா சம்மதிப்பாரா என்று நோட்டில் கேட்டோம். சம்மதித்தால் ஸ்டால் 4 போய்விடும். அவர் இரண்டு நிபந்தனை எழுதினார். உரைபெயர்ப்பாளர் ஆண்டுதோறும் வர வேண்டும். குறிப்பேட்டின் ஏழு பக்கங்களிலும் ஒவ்வொரு துண்டுத் தாள் ஒட்டப்பட வேண்டும்.

செப்டம்பர் 1, ஞாயிறு. உரைபெயர்ப்பாளர் ரக்ஷனா வந்தார். இரண்டு மணி நேரம், $180.00. பழைய மொத்தத்தில் அவரை மூன்று முறை வரவழைத்திருக்கலாம், $160.20 மீதமும் இருந்திருக்கும்.

ஃபஸீலா கை பேசத் தொடங்க, ரக்ஷனா தமிழில் சொன்னார்: "ஒன்பது வருஷமா நான் அந்தக் குப்பைத் தொட்டிப் பக்கத்துல உக்காந்திருக்கேன். எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

குரல் திரும்பியிருந்த வடிவேலு ரக்ஷனாவை ஏற இறங்கப் பார்த்தார். "யாரும்மா நீ? உனக்கு இங்க கடையே கெடையாதே!"

ரக்ஷனா அதையும் கையில் சொன்னார். ஃபஸீலா சிரித்து முடித்து ஏதோ சொல்ல, "நான் சொல்லல தலைவரே, அவங்க சொல்றாங்க. அவங்களப் பாத்துப் பேசுங்க," என்றார் ரக்ஷனா. அதற்கும் பிறகு மூன்று பேர் ரக்ஷனாவோடுதான் சண்டை போட்டார்கள்.

சண்டை நாற்பத்திரண்டு நிமிடம் நடந்தது. தொட்டிகளை எதிர்ச்சுவர்ப் பக்கம் மாற்ற வேண்டும் என்பது ஃபஸீலாவின் தீர்மானம். அங்கே லாரி வராது என்றார் இப்ராஹீம். "வரும். போன வருஷம் நீங்கள்லாம் கையுறை போட்டு ஆட்டினப்ப அங்கதான் வந்து திரும்பிச்சு," என்றார் ஃபஸீலா. தீர்மானம் 23-க்கு 17 என நிறைவேறியது. ஒருவர் வாக்களிக்கவில்லை, கோப்பி எடுக்கப் போயிருந்தார்.

இடையில் வடிவேலுவுக்கு ஒரு சந்தேகம். "அந்தம்மா என்னயப் பத்திப் பேசுறப்பல்லாம் மூக்குக்குக் கீழ முறுக்கிக் காட்டுதே, கிண்டலா?"

அது கிண்டல் இல்லை, அவருக்கு வைத்த பெயர் என்றார் ரக்ஷனா. கைமொழியில் ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டாம். அதைக் காது கேளாதவர்கள்தான் வைக்க முடியுமாம். மீசை போய் இரண்டு ஆண்டு ஆகியும் பெயர் மாறவில்லை. வடிவேலு மேலுதட்டைத் தடவிக்கொண்டார்; அன்று முழுவதும் நல்ல மனநிலையில் இருந்தார். எனக்கும் ஒன்று இருந்தது: மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையில் எழுதுவது. 2015-லிருந்தே அதுதான் என்றார்கள்.

பிறகு சீட்டு. ரக்ஷனா கையில் சொன்ன முதல் அழைப்பிலேயே ஃபஸீலா கை தூக்கினார். ஆனால் அவருடைய சீட்டு கடைசியாகத்தான் வந்தது: 41. நான் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். வேறு சீட்டு இல்லை. ஃபஸீலா தரையை ஓங்கி உதைத்துச் சிரித்தார். தொட்டிகள் இடம் மாறியதால் அந்த ஆண்டு 41-இல் நாற்றம் இல்லை. எதிர்ச்சுவர்ப் பக்கம் தொட்டிகளை ஒட்டி வந்தது ஸ்டால் 22. அது வடிவேலுவுக்குப் போனது.

ஏழு துண்டுத் தாள்களையும் செப்டம்பர் 3 அன்று ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் அவர் எழுதியது ஒன்றே: "நான் அங்கே இருந்தேன்." கீழே, "சரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

2025 ஆகஸ்டு கூட்டத்துக்கு உரைபெயர்ப்பாளரை ஜூன் மாதமே பதிவு செய்துவிட்டோம். ஆகவே அந்த முதல் வாரத்தில் கடிதம் வராது என்றே நினைத்திருந்தேன். வந்தது. வழக்கமான உறை, வழக்கமான கையெழுத்து. எட்டாவது கடிதம், கடைசிக் கடிதம். உள்ளே ஒரு வரி: "இந்த ஆண்டு கோரிக்கை எதுவும் இல்லை."

வந்து சேர்ந்த தேதி: 5 ஆகஸ்டு 2025, செவ்வாய்.